இரவல் நாயகர்கள்

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1970 முதல் சித்திரக்கதை ரசிகர்களின் மாநாடு நடந்து வருகிறது. அதைப் பற்றி மார்கன் ஸ்பர்லாக் 2011-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். தாம் வரைந்த தாள்களைச் சுமந்து பதிப்பாளர் முன் நிற்கும் இளைஞர்களே அப்படத்தின் உயிர்.

திருப்பூருக்கு அருகிலும் அத்தகைய கூடல் ஒன்றுண்டு. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டி லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஒன்றுகூடுகின்றனர். சிவகாசியில் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு பிறந்தது முத்து. 1984-இல் வந்தது லயன். இவற்றின் தொண்டைக் குறைத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். மாயாவி இங்கிலாந்தின் படைப்பு; டெக்ஸ் வில்லர் இத்தாலியின் படைப்பு. அடுத்து எந்த நாயகர் வருவார் என்று ஆவலோடு கேட்கும் நாம், நம் நாயகரை வரையப்போவது யார் என்று கேட்பது அரிது.

பின்னலாடைத் தொழிலாளிக்கு இது புதிதன்று. துணியும் தையலும் நம்முடையவை. கழுத்துப்பட்டியில் அயலார் பெயர். தமிழாக்கமும் நேர்த்தியான தையலே. ஆனால், வடிவமைப்பு நம்முடையதன்று.

நம்மால் இயலாததா? அரபுக் கதையின் சிந்துபாத்தை நாயகனாக்கி, 'தினத்தந்தி'யில் 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' தலைமுறைகளைக் கடந்து ஓடியது. நாயகன் இரவல், கதையோ இங்கே நெய்யப்பட்டது.

அடுத்த கூடலுக்குச் செல்லும் இளைஞர், பணப்பையோடு தாம் வரைந்த தாளொன்றையும் எடுத்துச் செல்லட்டும். படம் வரையும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்காதிருப்பது பெற்றோர் கடமை.