எந்திரத்தின் இயலாமையை ரசிப்பவர்கள்

பழைய வீடியோ கேம் ஆடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஹட்சுனே மிக்கு போன்ற கணினிக் குரல்களின் பாட்டிலும் கணிசமானோருக்கு ஈடுபாடு இருப்பது தெரியவரும். இரண்டிலும் எந்திரத்தால் தன் இயலாமையை மறைக்க முடிவதில்லை. அந்த இயலாமைக்குள் ஒரு மனிதர் எப்படி வேலை பார்த்தார் என்பதைக் கண்டுகொள்வதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி இருக்கிறது. "அந்தக் காலத்து கேம்தான் கேம்" என்ற வழக்கமான பெருமூச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

1983-ல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் ஒலிச் சில்லில் ஐந்தே தடங்கள்: சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. சூப்பர் மரியோ பிரதர்ஸுக்காக (1985) கோஜி கோண்டோ அமைத்த இசை இதற்குள்தான் அடங்கியாக வேண்டும். மரியோ காசை எடுக்கும்போது கேட்கும் 'டிங்' சத்தத்துக்குத் தனித் தடம் கிடையாது. மெட்டு ஓடிக்கொண்டிருக்கும் அலையையே அது ஒரு கணம் பிடுங்கிக்கொள்கிறது. ஆட்ட மும்முரத்தில் யாருக்கும் அது உறைப்பதில்லை. மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட். இதெல்லாம் தெரிந்தபின் ஆடினால் ஆட்டம் இன்னும் சுவைக்கிறது.

ஆனால் இன்று பெரும்பாலோர் ஆடுவது பழைய பெட்டியைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரில். எந்த இடத்திலும் சேமிக்கலாம், செத்தால் பின்னோக்கிச் சுற்றலாம். வேலைக்குப் போகிறவருக்குக் கோடை விடுமுறை கிடையாது என்பதால் இதைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஆடிவிட்டுப் பழைய கேம்களின் கடுமையைப் புகழ்வதுதான் வேடிக்கை. இதைவிட மோசம், சேகரிப்பு மோகம். 2021-ல் உறை பிரிக்காத ஒரு சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேசட் 20 லட்சம் டாலருக்கு விலைபோனது. பிரித்து ஆடினால் மதிப்புப் போய்விடும். அதாவது ஆடாமல் வைத்திருப்பதற்குத்தான் அந்த விலை.

இன்னொரு பக்கம், 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்குச் சொன்னது. கேம் நிறுவனங்கள் விற்கவும் மாட்டார்கள், நகலெடுத்தால் திருட்டு என்பார்கள். நம் ஊர் வீடுகளுக்கு 'டிவி கேம்' வந்ததே பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல் பெட்டிகளாகத்தான். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருக்கும். உள்ளே சில கேம்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே திருட்டு நகலைப் பற்றி உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை.

மிக்குவின் கதை வேறு. யமஹாவின் வோக்கலாய்டு மென்பொருளைக் கொண்டு சப்போரோவின் கிரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31-ல் இந்தக் குரலை விற்பனைக்கு விட்டது. குரலுக்கு மூலம் நடிகை ஃபுஜிதா சாகி பதிவு செய்து கொடுத்த ஒலிகள். திரையின் இடது ஓரத்தில் பியானோக் கட்டைகள்; ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு பட்டை, பட்டைக்கு ஓர் அசை. அப்படியே விட்டால் மிக்கு பாட்டை ஒப்பிப்பாள். வரியின் கடைசியில் சுருதி எங்கே தளர வேண்டும், மூச்சு எவ்வளவு கலக்க வேண்டும் என்பதையெல்லாம் மவுஸால் கோடு கோடாக இழுத்தால்தான் அது பாட்டாகும். பாடகர் கிடைக்காத ஒரு கல்லூரிப் பையனுக்கு இது பெரிய வரம். ஜப்பானியப் பாடகர் யோனேசு கென்ஷி 'ஹாச்சி' என்ற பெயரில் தொடங்கியது இங்கேதான். பழைய கேமின் ரசிகர் பெரும்பாலும் ரசிகராகவே இருந்துவிடுகிறார். இங்கே கேட்கிறவர் அடுத்த மாதமே பாட்டுப் போடலாம். அந்த வகையில் இதுவே உசத்தி.

குறை இல்லாமல் இல்லை. மனிதத் தொண்டையால் முடியாத வேகம் முதலில் புதுமையாக இருந்தது, பிறகு வழக்கமாகிவிட்டது. எழுத்துகள் திரையில் ஓடாவிட்டால் சொல் புரியாத பாட்டுகள் ஏராளம். சொல் புரியாமல் போவதை ஒரு பாணி என்று என்னால் ஏற்க முடியவில்லை. மிக்குவைக் கொண்டாடும் பேச்சில் ஃபுஜிதாவின் பெயர் பின்னுக்குப் போய்விடுவதும் நியாயமில்லை. ஆனாலும் அவர் தெரிந்தே, இதற்கென்றே குரல் கொடுத்தார். 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் இருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாக அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மிக்கு விஷயத்தில் அந்தச் சங்கடம் எழவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் குரல்கள் மூச்சையும் நெகிழ்வையும் தாமே போட்டுக்கொள்கின்றன. 2008-ல் ஏப்ரல் முட்டாள் தினக் கேலியாகப் பிறந்த கசானே டெட்டோ என்ற கணினிப் பாடகிக்கும் 2023-ல் அப்படியொரு குரல் வந்துவிட்டது. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. எது அவள் பாடியது, எது ஆக்கியவர் பாட வைத்தது என்று பிரித்தறிய முடியவில்லை. 2007-ன் கரகரத்த மிக்குவையே இன்றும் தேடிப் பிடித்துப் பாட வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் பழமைப் பற்றா, தன் கைக்கும் வேலை வேண்டும் என்ற பிடிவாதமா என்பது அவர்கள் இழுத்த கோடுகளைக் கேட்டாலே தெரிந்துவிடும்.