சார்ங்கலன் அச்சமும் கோதமை தெளிவும்

மணிமேகலையின் முப்பது காதைகளுள் ஆறாவதாகிய சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, கதைப் போக்கிற்கு இன்றியமையாததன்று என்று கருதுவாரும் உளர். உவவனத்திலிருந்து மணிபல்லவத்திற்குத் தலைவி கொண்டுபோகப்படுதற்கு இடையே சுடுகாட்டு வருணனையும் கிளைக்கதையும் எதற்கு என்பது அவர்தம் வினா. நிலையாமை கூறல் சமயக் காப்பியத்தின் கடன், அக்கடன் கழிக்கப்பட்டது என்று அமைதி கூறுவாரும் உளர். முன்னவர் காதையைத் தள்ளுகின்றனர். பின்னவர் படியாமலே ஏற்றுக்கொள்கின்றனர். சாவச்சம் என்னும் மெய்ப்பாட்டைத் தமிழில் இத்துணை நுணுகி ஆராய்ந்த பகுதி பிறிதொன்று இல்லை என்பது எம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

கதை சிறிது. அந்தணச் சிறுவனாகிய சார்ங்கலன் தனிவழிச் சென்று புகார் நகரத்துச் சுடுகாட்டை அடைகின்றான். ஆங்குப் பிணத்தலை ஏந்தி ஆடும் பேய்மகளைக் கண்டு வெருவி ஓடிவந்து, அப்பேய்க்கு உயிர் கொடுத்தேன் என்று தாயிடம் கூறி வீழ்ந்து இறக்கின்றான். தாய் கோதமை மகனுடலைத் தழுவிக்கொண்டு சென்று, நகர்த்தெய்வமாகிய சம்பாபதியை விளித்து, தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருக என வேண்டுகின்றாள். தெய்வம் இயலாது என்கின்றது. அவள் தெளியாளாக, சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் வரவழைத்து அவர் வாயாலும் இயலாது என்பதனைக் கூறுவிக்கின்றது. கோதமை துயர் நீங்கி, மகனை ஈமத்திலிட்டுத் தானும் இறக்கின்றாள்.

சுடுகாடு தமிழ்ப்புலவர்க்குப் புதிய களம் அன்று. தொல்காப்பியர் காஞ்சியைப் பெருந்திணைக்குப் புறமாக்கி நிலையாமைக்கு இலக்கணம் வகுத்தார். புறநானூற்றின் பெருங்காஞ்சித் துறைப் பாடல்களுள் சில மன்னர்க்குச் சுடுகாட்டைக் காட்டுகின்றன. ஆயின் அங்கெல்லாம் அவ்விடத்தைக் காண்பவர் புலவர், மன்னன் கேட்பவனே. கேட்டு அவன் கொள்ளவேண்டிய பயனையும், அஃதாவது ஈகையை, புலவரே உடன் கூறிவிடுவர். காட்சிக்கும் கேட்போனுக்கும் இடையே சொல் நின்று காக்கின்றது. சாத்தனார் இவ்வரணை நீக்கிவிட்டார். சார்ங்கலன் செவியாற் கேட்டிலன்; கண்ணாற் கண்டான். உடன் நின்று பொருள் கூறுவார் ஒருவரும் இலர்.

இவ்வேறுபாடு தற்செயலாக அமைந்ததன்று என்பதற்குக் காதையின் அமைப்பே சான்று. சிறுவன் கதைக்கு முன்னர் அதே சுடுகாட்டை மணிமேகலா தெய்வம் அமைதியாக வருணிக்கின்றது. நான்கு வாயில்கள், காளி கோட்டம், துறந்தோர்க்கும் அரசர்க்கும் கணவனோடு இறந்த மகளிர்க்கும் எடுத்த நினைவுக் கோட்டங்கள், மரங்களாற் பெயர்பெற்ற மன்றங்கள், பிணத்தைச் சுடுதலும் வாளா இடுதலும் குழியிற் புதைத்தலும் தாழி கொண்டு மூடுதலும் என்றிவ்வாறு வரும் பகுதி ஒரு நகரத்தின் வீதிகளை எண்ணிச் சொல்வது போன்றது. பண்டைத் தமிழர் ஈமமுறை பற்றி ஆராய்வார் இப்பகுதியையே பெரிதும் எடுத்தாள்வர். அவ்வளவோடு நின்றுவிடுதல் இக்காப்பியத்திற்குச் செய்யும் குறையே. இடம் ஒன்று, தெய்வத்திற்கு அது செய்தி, சிறுவனுக்கு அது கூற்றம். அச்சம் இடத்தில் இல்லை, காணும் அறிவின் நிலையில் உள்ளது என்பதனைப் புலவர் சொல்லாமலே நிறுவிவிடுகின்றார்.

சார்ங்கலன் கண்ட காட்சி யாது என்பது இன்னும் நுணுகி நோக்கற்பாலது. ஆங்குக் கிடந்த உடல் ஒரு பெண்ணுடையது. செம்பஞ்சு ஊட்டிய அடியை நரி கொள்கின்றது. வளை செறிந்த கையை நாய் கவ்வுகின்றது. சாந்து பூசிய மார்பைப் பறவை கவர்கின்றது. வெண்சாம்பற் களம் ஆடரங்காக, பேய்மகள் கருந்தலை ஒன்றை ஏந்தி ஆடுகின்றாள். கூந்தலை மேகத்தோடும் கண்ணை மீனோடும் பல்லை முத்தோடும் வைத்து ஐயுறுவது காதலன் கூற்றாக வரும் மரபு. பேய்மகளோ அவ்வையம் சிறிதும் இன்றி உண்கின்றாள் என்று புலவர் எதிர்மறை முகத்தாற் கூறுகின்றார். காதற்பாட்டின் அணி அனைத்தும் பிணத்தின்மேல் ஏற்றி அழிக்கப்படுகின்றது.

இக்கதையைக் கேட்பவர் யாவர் என்பதனை மறந்தமையாலேயே இவ்விடம் வெறும் அருவருப்புச் சுவையாகத் தோன்றுகின்றது. கேட்பவருள் ஒருத்தி மணிமேகலை. ஆடற்கணிகையர் குடியிற் பிறந்தவள். உதயகுமரன்பின் தன் நெஞ்சு சென்றதென்று முந்திய காதையிற்றான் ஒப்புக்கொண்டவள். அவளுக்கு ஆடரங்கும் நலம் பாராட்டும் அணியும் சுடுகாட்டில் வைத்துக் காட்டப்படுகின்றன. சார்ங்கலன் தனியே கண்டு இறந்ததனை அவள் தெய்வத்தின் துணையோடு சொல்வழிக் காண்கின்றாள், ஆகலின் உய்கின்றாள்.

பிணத்தைக் கண்டு பயிலும் முறை பௌத்தருக்கு உரியது. புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து இயற்றிய விசுத்திமக்கம், பத்துவகை அசுபங்களைத் தியானப் பொருளாக வகுத்துக் கூறுகின்றது. அந்நூல், சுடுகாடு செல்லும் பிக்கு மூத்த தேரர் ஒருவர்க்கு அறிவித்தே செல்லவேண்டும் என்கின்றது; ஆங்கு அவன் அஞ்சி நடுங்க நேரின் காப்பார் வேண்டுமன்றோ! பிணம் எழுந்து துரத்துவதாகத் தோன்றின், பிணம் எழுவதில்லை, இது தன் மனக்குறியின் தோற்றமே என்று தெளிதல் வேண்டும் எனவும் அது விதிக்கின்றது. மணிமேகலையின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்மையின், ஒரு நூல் மற்றொன்றைக் கண்டது என்று யாம் கூற முன்வந்திலேம். பயிற்சி மரபு ஒன்று என்பது மட்டும் தெளிவு. சார்ங்கலன் அறிவிப்பும் ஆசிரியனும் இன்றிப் புகுந்தவன். சம்பாபதி கோதமைக்குக் கூறும் முதல் மறுமொழியும் இதனோடு ஒத்து வருகின்றது. அணங்கும் பேயும் உயிரை உண்பன அல்ல. மகனது பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினை அவன் உயிரைக் கொண்டது என்கின்றது தெய்வம். பேய் இல்லை என்று அது கூறவில்லை என்பது கருதத்தக்கது. அஞ்சப்படும் பொருள் இருக்கலாம். கொல்வது அப்பொருள் அன்று.

இனிக் கோதமை. கிசாகோதமியின் வரலாற்றைப் பாலி உரைநூல்கள் கூறும். இறந்த மகனை ஏந்தி மருந்து வேண்டிய அவளைப் புத்தர், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு கொணர்க என்று விடுக்க, அவள் வீடுதோறும் சென்று உண்மை உணர்ந்து பிக்குணியாயினாள். பெயர் ஒற்றுமையும் நிகழ்ச்சி ஒற்றுமையும் இருவரையும் இணைத்து நோக்கத் தூண்டுகின்றன. ஆயின் வேற்றுமையே பெரிது. கிசாகோதமி அண்டை வீட்டாரிடம் கற்றாள். கோதமைக்குத் தேவருலகம் முழுவதும் திரண்டு வருகின்றது. அங்கு மனிதர் யாவரும் இழந்தவர் என்னும் உறவு பிறக்கின்றது. இங்குத் தேவரும் இயலாதவர் என்னும் எல்லை புலப்படுகின்றது. அவள் வாழ்ந்தாள், இவள் இறந்தாள். இறைவரம் வேண்டிச் சாவை மாற்றலாம் என்னும் நம்பிக்கையை மறுப்பதே சாத்தனார் நோக்கமாதலின், தேவர் பேரவை அவருக்கு வேண்டியதாயிற்று. கலைவகையால் நோக்கின், கடுகு தேடிய கதையே உயர்ந்தது என்று கூறத் தயங்கோம். தேவரது வகைகளை எண்ணும் அடிகளில் தாயின் குரல் நெடுந்தொலைவு சென்றுவிடுகின்றது.

கோதமை சாவுக்கு அஞ்சியவள் அல்லள். தன்னுயிர் கொள்க என்று கூறும்போதும் அவள் காட்டிய காரணம் ஒன்று: மகன் பிழைத்தால் கண்ணிழந்த தன் கணவனைக் காப்பான் என்பது. பெற்ற பாசத்தோடு கடமையும் கலந்த வேண்டுகோள் இது. சம்பாபதி இதற்கு மறுமொழி கூறிற்றா? உயிர் வினைவழிச் செல்லும் என்றது; உயிர்க்கு உயிர் மாற்றலாகுமாயின் உலகாண்ட அரசர்க்கு உயிர் கொடுப்பார் இலரோ, அவர்க்கும் இச்சுடுகாட்டில் கோட்டங்கள் உளவே என்றது. தருக்கம் பழுதற்றது. கண்ணிழந்த முதியவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோதமையும் இறந்தபின் அவன் நிலை யாதாயிற்று? புலவரும் கூறிற்றிலர். துயர் நீங்கிய பின்னரே அவள் இறந்தாள் என்று காப்பியம் சொல்வதால் அவள் இறப்பு துயரால் விளைந்ததன்று எனலாம். அதனால் அம்முதியவன் கையறுநிலை தீர்ந்துவிடாது. இக்காதையை மட்டும் தனியே நோக்கின் இது குறையே.

காப்பியம் முழுவதும் வைத்து நோக்குவார்க்கு வேறொன்று தோன்றும். மணிமேகலை பிறவி வரலாறு உணர்ந்த பின்னரும், உதயகுமரன் வெட்டுண்டபோது அரற்றுகின்றாள். அறிவு துயரைத் தடுத்துவிடும் என்று சாத்தனார் எளிதாக எண்ணியவர் அல்லர். அதன்பின், மகனை இழந்த இராசமாதேவியை நோக்கி மணிமேகலை பேசும் இடம் சிறைவிடு காதையில் வருகின்றது. நீ அழுதது உடலுக்கோ உயிர்க்கோ என்று வினவுகின்றாள். உடற்காயின் அதனைச் சுடுகாட்டில் இட்டவர் யார்? உயிர்க்காயின் அது புக்க இடம் அறிதற்கு அரிது. அவ்வுயிர்க்கு அன்புடையையாயின் எவ்வுயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என்கின்றாள். முதற்பகுதி ஆறாங் காதையிற் சம்பாபதி கூறிய தருக்கமே. இறுதிப்பகுதி சம்பாபதியிடம் இல்லாதது. துயரை அடக்குக என்று நகர்த்தெய்வம் சொல்லிற்று. துயரை விரித்து எல்லா உயிர்மேலும் செலுத்துக என்று மணிமேகலை சொல்கின்றாள். கேட்டவள் ஆசிரியை ஆனபோது பாடமும் வளர்ந்திருக்கின்றது.

இவ்வளர்ச்சிக்குக் காப்பியத்தின் இடவமைப்பும் துணைசெய்கின்றது. ஆபுத்திரன் மதுரையில் இரந்து கொணர்ந்த உணவை முதலில் உண்பித்தவருள் கண்ணில்லாரும் காப்பாரில்லாரும் உளர். அவன் கையிலிருந்த அமுதசுரபி பின்னர் மணிமேகலை கைக்கு வருகின்றது. அதனை ஏந்தி அவள் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட அம்பலம் உலகவறவி. அது நிற்பது சார்ங்கலன் அஞ்சிய சுடுகாட்டை அடுத்த அதே சக்கரவாளக் கோட்டத்தில்.