கொமடோர் 64-ன் பாடபேதங்கள்

1982-ல் வெளிவந்த கொமடோர் 64 கணினிக்கான நிரலாளர் கையேட்டின் கடைசியில், மடித்து வைத்த பெரிய தாளில் அதன் சர்க்யூட் வரைபடம் இருந்தது. இன்று அது பெரும்பாலும் மங்கிய ஸ்கேனாகவே கிடைக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் கோடு அறுந்திருக்கும். 3 எது, 8 எது என்று புரியாது. அதனால் ஆர்வலர்கள் இத்தகைய படங்களைக் கீகேட் போன்ற மென்பொருளில் மறுபடி வரைகிறார்கள். அவசியமான வேலைதான். ஆனால் பலர் அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

நன்மை கண்கூடு. கீகேட் இலவச மென்பொருள். ஒரு கோட்டைத் தொட்டால், அது எந்த ஐ.சி.யின் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று ஒளிர்ந்து காட்டும். பழுது பார்ப்பவருக்கு இது பெரிய உதவி.

மென்பொருளின் பிழைச் சோதனையை மட்டும் நான் அவ்வளவு நம்பமாட்டேன். இணைப்பின்றித் தொங்கும் பின்னை அது பிடித்துவிடும். ஆனால் ஏ4, ஏ5 என்ற இரு முகவரிக் கோடுகளை இடம் மாற்றி வரைந்தால் ஒன்றும் சொல்லாது; இணைப்பு முழுமையாக இருந்தால் அதற்குப் போதும். சிக்னல் பெயரின் மேலுள்ள சிறு கோடு ஸ்கேனில் அழிந்திருந்தாலும் அப்படியே. அந்தக் கோடுதான் ‘மின்னழுத்தம் தாழும்போது இது வேலை செய்யும்’ என்பதன் அடையாளம். அது போனால் பொருளே தலைகீழ்.

அதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. 7400 ஐ.சி.யிலுள்ள நேண்ட் கேட்டை இரண்டு விதமாக வரையலாம். உள்ளீட்டில் குமிழ் வைத்து ‘ஆர்’ வடிவில் போட்டால், ‘இரண்டில் எந்தக் கோடு தாழ்ந்தாலும் போதும்’ என்று வடிவமைத்தவர் நமக்குச் சொல்கிறார். மறுவரைவில் வழக்கமான நேண்ட் குறியைப் போட்டால் மின்சாரக் கணக்கு மாறாது. அவர் நினைத்தது மறைந்துவிடும். கீகேட்டில் அந்த மாற்று வடிவமும் உண்டு. தேடி எடுக்கும் பொறுமைதான் வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, எந்தப் பலகையின் படம் என்று சொல்லாமல் விடுவது. கொமடோர் 64-ன் தாய்ப்பலகை பலமுறை மாறியது. 250425 எண் பலகையில் ஒலிக்கான 6581 ஐ.சி.க்கு 12 வோல்ட். பின்னால் வந்த 250469-ல் உள்ள 8580-க்கு 9 வோல்ட்தான். வடிகட்டி கெபாசிட்டரும் 470 பிகோஃபாரடிலிருந்து 22 நானோஃபாரடாக மாறியது. இரண்டையும் கலந்து பளிச்சென்று ஒரே படமாக வரைந்து கொடுத்தால், அதை நம்பிக் கை வைப்பவர் இனிக் கிடைக்காத ஐ.சி. ஒன்றைப் பலி கொடுக்கக்கூடும். மங்கலான ஸ்கேன் தன் ஐயத்தை மறைப்பதில்லை, பார்ப்பவர் எச்சரிக்கையாகிவிடுவார்.

1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., சுவடிக்குச் சுவடி மாறிய பாடங்களைக் குறித்து வைத்தார். பழைய கணினிப் படத்துக்கும் அந்த ஒழுக்கம் பொருந்தும். தாள் ஒன்று சொல்லும், பலகை வேறொன்று சொல்லும். இரண்டும் மறுவரைவில் இருக்க வேண்டும். கீகேட்டில் படத்தின் மேலேயே குறிப்பு எழுத இடமுண்டு. ஐயத்துக்குரிய ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஒரு வரி எழுதினால் போதும்: ‘ஸ்கேனில் தெரியவில்லை, 250425 பலகையில் மல்டிமீட்டரால் சோதித்துச் சேர்த்தது.’