ஜாவாவின் தாராளம்

வட்டக்கச்சி வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்துக்கு ஜாவாவில் ஒரு செய்நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘குளம்’ என்று ஒரு வகுப்பு, அதற்குள்ளே ‘வாய்க்கால்’ என்று ஓர் உள்வகுப்பு. நீர்மட்டம் பிரைவேட். அது 36 அடியைத் தாண்டக் கூடாது, பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதை ஒரு மெதட் சோதித்துக்கொள்கிறது. ஆனால் வாய்க்கால் அந்த மெதட்டைக் கேட்காமலே நீர்மட்டத்தை நேரடியாக மாற்றிவிடலாம். தொகுப்பி ஒரு வார்த்தையும் சொல்லாது.

ஜாவாவில் பிரைவேட்டின் எல்லை அந்தந்த வகுப்பு அல்ல, எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் வகுப்புத்தான். அதற்குள் இருக்கிற எதுவும் எதன் பிரைவேட்டையும் தொடலாம்: உள்வகுப்பு வெளிவகுப்பை, வெளிவகுப்பு உள்வகுப்பை, ஓர் உள்வகுப்பு இன்னோர் உள்வகுப்பை.

இதற்கு நியாயம் உண்டு. ஒரு பட்டியலைச் சுற்றிவரும் இட்டரேட்டருக்கு அந்தப் பட்டியலின் உள்ளமைப்புத் தெரிந்தாக வேண்டும். அதற்காக உள்ளமைப்பைப் பப்ளிக் ஆக்கினால் எல்லாருக்கும் திறந்துவிட்டதாகும். பில்டரும் அப்படித்தான். வெளிவகுப்பின் கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட்டாக வைத்து, உள்ளே இருக்கும் பில்டர் மட்டும் அதை அழைக்கும் வசதி இந்தச் சலுகையால்தான் கிடைக்கிறது.

ஆனால் சலுகை கொடுத்த விதத்தில்தான் கோளாறு. உள்வகுப்புகள் 1997இல் ஜாவா 1.1 உடன் வந்தன. ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்கோ அப்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு ஒவ்வொன்றும் தனித்தனி வகுப்பு, ஒன்றின் பிரைவேட் மற்றதற்கு விலக்காக இருந்தது. ஆகவே தொகுப்பி நமக்குத் தெரியாமல் இடையில் ஒரு மெதட்டைச் செருகியது. அந்த மெதட் பிரைவேட் அல்ல, பேக்கேஜ் முழுவதற்கும் எட்டும். நாம் பிரைவேட் என்று எழுதியது பின்கட்டில் அவ்வளவு பிரைவேட்டாக இல்லை. ரிஃப்ளெக்‌ஷன் வழியாக அதே உறுப்பைத் தொட்டால் அனுமதி மறுக்கப்பட்டது. ஒரே வேலைக்கு இரண்டு சட்டம்! ஒரு டெக்ஸ் கோப்பில் 65,536 மெதட் என்ற வரம்போடு மல்லுக்கட்டிய ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இந்த மறைமுக மெதட்கள் வீண்சுமை. ஜாவாவின் சொந்த அரேலிஸ்ட் வகுப்பே தன் உள் அணியைப் பிரைவேட் ஆக்காமல் விட்டிருக்கிறது. உள்வகுப்புகள் எளிதாக எட்டட்டும் என்று காரணமும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பிரைவேட்டைக் காக்க வந்த சலுகையே அதைக் கைவிடக் காரணமானது. 2018இல் ஜாவா 11 வந்து, எவை ஒரே கூட்டைச் சேர்ந்தவை என்பதை இயந்திரத்துக்கே அறிவித்தபின் இந்தச் செருகல் ஓய்ந்தது.

சி ஷார்ப் ஒருவழிப் பாதை வைத்தது: உள்வகுப்பு வெளிவகுப்பின் பிரைவேட்டைப் பார்க்கும், வெளிவகுப்பு திரும்பிப் பார்க்க முடியாது. சி பிளஸ் பிளஸ் 1998 தரநிலையில் இரண்டையும் மறுத்து, 2011இல் இதே வழிக்கு வந்தது. கொட்லினும் உள்வகுப்பின் பிரைவேட்டை வெளிவகுப்பிடமிருந்து மறைக்கிறது. உயர்தர வகுப்பில் பைதன் படித்தவர்களுக்கு வேறு விதமான அதிர்ச்சி. இரட்டை அடிக்கோட்டுப் பெயருடன் உள்ளே இருக்கும் வகுப்பின் பெயர் ஒட்டிக்கொள்வதால், வெளிவகுப்பின் உறுப்பை அங்கிருந்து அதே பெயரில் தேடினால் கிடைக்காது.

என் கணிப்பில் ஒருவழிப் பாதையே சரி. வெளிவகுப்புக்கு உள்வகுப்பின் பிரைவேட்டைத் திறந்துவிட்டதில் ஜாவா மிச்சப்படுத்தியது சில வரித் தட்டச்சு மட்டுமே. ஒருவழிப் பாதையானாலும் குளத்தின் 36 அடியைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு நீர்மட்டத்தைத் தனி வகுப்பாக வேறு கோப்பில் எழுதி, வாய்க்காலை அதன் மெதட் வழியாகவே வரச் செய்யுங்கள்.