மோதியதும் மோதிக்கொண்டதும்: போலிஷ் கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயர்ப்பு

பொருள்களின் மோதலைக் குறிக்கும் போலிஷ் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் ‘கொலிஷன்’ என்னும் ஒரு சொல்லையே பெரிதும் சார்ந்து நிற்கின்றனர். இயற்பியலில் இதனால் இடரில்லை. ‘ஸ்டெஜெனியே ஸ்ப்ரென்ஜிஸ்தே’ என்பது மீட்சி மோதல். ‘எலாஸ்டிக் கொலிஷன்’ அதற்கு ஐயமற்ற நிகரன். சுருள்வில்லைக் குறிக்கும் ‘ஸ்ப்ரென்ஜினா’வோடு அவ்வடைமொழிக்குள்ள உறவு ஆங்கிலத்தில் மறைந்துவிடுகிறது, பொருள் குன்றவில்லை.

சிக்கல் சாலை விபத்து ஆவணங்களில் எழுகிறது. போலந்துக் காவல்துறையின் வகைப்பாட்டில், ஓடும் ஊர்திகள் மோதிக்கொள்வது ‘ஸ்டெஜெனியே ஷே’. நிற்கும் ஊர்தியின் மீதோ பாதசாரியின் மீதோ ஓர் ஊர்தி மோதுவது ‘நயெஹானியே’. முன்னதில் வரும் ‘ஷே’ என்னும் சிறுசொல் செயலை இருபாற்படுத்துகிறது. ‘மோதிக்கொண்டன’, ‘மோதியது’ என்னும் வேறுபாட்டை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று. இரண்டையும் ‘கொலிஷன்’ என்றே பெயர்த்தால், எது இயங்கியது, எது நின்றது என்னும் செய்தி அழிகிறது. பொறுப்பு யாருடையது என ஆராய்வோர் முதலில் தேடுவது அச்செய்தியையே. நிலையான பொருளின் மீது கப்பல் மோதுவதற்கு ஆங்கிலக் கடல்சார் சட்ட வழக்கில் ‘அலிஷன்’ என்னும் சொல் உண்டு. அதைச் சாலைக்குக் கொணர்வது செயற்கையாகும்; ‘ஸ்ட்ரக்’ என்னும் எளிய வினையை ஆள்வதே தக்கது.

இதனினும் தீங்கானது, ஒலியொப்புமையால் ஏமாற்றும் ‘கொலிஸ்யா’. சாலை வழக்கில் இது மோதலின் இயற்பியலைச் சுட்டுவதன்று, விளைவின் அளவைச் சுட்டுவது. பொருட்சேதத்தோடு நின்றால் ‘கொலிஸ்யா’. உயிரிழப்போ உடற்காயமோ நேர்ந்தால் ‘விபாடெக்’. 1997ஆம் ஆண்டின் போலந்துக் குற்றவியல் சட்டத்தொகுப்பு, 177ஆம் பிரிவில், 7 நாட்களுக்கு மேற்பட்ட உடல்நலக் கேட்டையே விபத்துக் குற்றத்தின் கீழெல்லையாகக் கொள்கிறது. ஆகவே ஓட்டுநர்மீது குற்றவழக்கு வருமா, சிறு தண்டத்தோடு முடியுமா என்பதன் குறிப்பு அச்சொல்லிலேயே உள்ளது. ஆங்கிலக் ‘கொலிஷன்’ பலர் மாண்ட நிகழ்வுக்கும் பொருந்துமாதலால் அக்குறிப்பைத் தாங்காது. பெயர்ப்பு வேர் நோக்கிற் சரி; ஆவணமாகப் பிழை. இங்கிலாந்தின் வழக்கிலுள்ள ‘டேமேஜ்-ஒன்லி’ என்னும் அடையைச் சேர்த்தால் பொருள் பெரும்பாலும் மீளும். காப்பீட்டுக் கோரிக்கைக்கான பெயர்ப்பாயின், அடையோடு நில்லாது, மூலச்சொல்லையும் அடைப்புக்குறிக்குள் தருதல் வேண்டும்.