தனிக்கு எழுந்து போகாதவர்கள்

ஸ்ரீமுஷ்ணம் என்றதும் எல்லோருக்கும் பூவராகர்தான் நினைவுக்கு வருவார். மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரை வரை போய் வருகிற பெருமாள். எங்களைப் போன்ற கச்சேரிப் பைத்தியங்களுக்கோ ஸ்ரீமுஷ்ணம் வி. ராஜாராவின் மிருதங்கமும் சேர்ந்தே காதில் விழும்.

கச்சேரி நண்பர் ஒருவரைப் பார்த்தால் என் முதல் கேள்வி, "இப்ப என்ன சார் ஓடுது?" அவர் யூடியூபில் பழைய சபாப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருப்பார். நான் இன்னும் கேசட்டை விடவில்லை. யாரோ சபாவில் உட்கார்ந்து பதிந்தது. பல்லவி பாதியில் 'ஏ' பக்கம் தீர்ந்து, பதிந்தவர் திருப்பிப் போடுவதற்குள் இரண்டு ஆவர்த்தனம் பறிபோயிருக்கும். இன்று முழுப் பதிவு கிடைத்தாலும் அந்த இடம் வந்தால் என் காது நின்றுவிடுகிறது.

மேடையில் நான் முதலில் பார்ப்பது வித்துவானை அல்ல, ரவையை. பிசைந்த ரவையை மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியின் நடுவே அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஈரக் கனம்தான் கும்காரத்துக்கு ஆழம் தருகிறது. வலந்தலையின் கருங்கரணை நிரந்தரம். ரவையோ கச்சேரிக்குக் கச்சேரி புதுசு.

மிருதங்கத்தில் தாளக் கணக்கு வழக்கு பண்ணுகிறவர்கள் நிறைய உண்டு. பாட்டோடு ஒட்டி ஓடும் சர்வலகுதான் எனக்குப் பெரிசு. நண்பர் ஒத்துக்கொள்ள மாட்டார், கோர்வை கோர்வை என்பார்.

அடுத்த முறை பாட்டு நின்று மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழாதீர்கள். போண்டா ஆறட்டும்.