பத்திரிகை என்னும் சாட்சி: ஆய்வுமூலம் பற்றிய சில சிந்தனைகள்

ஈழத்துத் தமிழாய்வில் பத்திரிகைகளை மூலாதாரமாகக் கொள்ளும் வழக்கம் நன்கு வேரூன்றியுள்ளது. 1930இல் தொடங்கி 1958 வரை வெளிவந்த ஈழகேசரியையும், வீரகேசரி, தினகரன் ஆகியவற்றையும் விடுத்து நமது சிறுகதை வரலாற்றை எழுதுதல் இயலாது. எனினும், பத்திரிகையில் வெளிவந்தமை ஒன்றே ஒரு கூற்றை மெய்ப்பிக்கப் போதுமானது என்ற எண்ணம் ஆய்வாளரிடையே இன்றும் நிலவுகின்றது. இது மறுபரிசீலனைக்குரியது.

பத்திரிகை செய்தியைத் தருவதோடு அமைவதில்லை. எதனைத் தருவது, எதனை விடுப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கின்றது. 1841இல் தொடங்கிய உதயதாரகை அமெரிக்க மிஷனைச் சார்ந்தது. 1889இல் தோன்றிய இந்து சாதனம் சைவ பரிபாலன சபையினது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமய விவாதங்களை இத்தகைய இதழொன்றை மட்டுங்கொண்டு எழுதுபவர் வரலாற்றாசிரியராகார். ஒரு தரப்பின் வழக்கறிஞராகவே அமைவர்.

இதனினும் சிக்கலானது, பத்திரிகை நடத்தும் வாய்ப்பற்றோரின் நிலை. 1940 ஜனவரியில் மலையகத்து முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இத்தகைய நிகழ்ச்சியொன்றை ஆராய்பவர்க்கு அன்றைய நாளேடுகள் இன்றியமையாதன. ஆயின், செய்தியாளருக்கு விபரமளித்தவர் தோட்டத்துரையா, பொலிசாரா, தொழிற்சங்கத்தவரா என்ற வினாவை எழுப்பாது அச்செய்தியை முழு உண்மையாகக் கொள்ளலாகாது. விசாரணைக்குழுச் சாட்சியங்கள், தொழிற்சங்கப் பதிவுகள், தோட்டத்து வாய்மொழி மரபு ஆகியவற்றுடன் அது ஒப்புநோக்கப்படல் வேண்டும்.

மூன்றாவது பிரச்சினை, மூலங்களின் அழிவு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டது. அவ்வேளையில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. பழைய இதழ்கள் பல இன்று எண்ணிம வடிவிற் பார்வையிடக் கிடைப்பது பெரும்பேறே. ஆயினும் எஞ்சியவற்றையே இருந்தவை அனைத்துமெனக் கருதி, இன்ன காலத்தில் இன்னார் எழுதவில்லை, இன்ன ஊரிற் போராட்டம் நிகழவில்லை என முடிவுகட்டுதல், தீ தொடங்கியதை ஆய்வின் பெயரால் நிறைவுசெய்வதாகும்.

ஆதலின், இதழின் பெயரையும் திகதியையும் குறிப்பதோடு ஆய்வாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை. அவ்விதழின் உடைமையாளர் யார், வாசகர் யார், தாம் பார்வையிட்ட இதழ்கள் எவை, தேடியும் கிடைக்காதவை எவை என்பவற்றையும் அவர் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். பத்திரிகை ஒரு சாட்சி; சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாது தீர்ப்பு எழுதுதல் முறையன்று.